காரைக்குடி அருகே பத்து நாள் சுண்ணாம்புக் காரைப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பவர்களுக்காகக் காரைக்குடிக்கு அருகில், பூட்டியே கிடந்த ஒரு செட்டிநாட்டு வீட்டைத் திறந்து, தனியார் மையம் ஒன்று நடத்திய பத்து நாள் பயிற்சியில் சென்ற மாசி மாதம் கலந்துகொண்டேன். தங்குமிடமும் மூன்று வேளை உணவும் சேர்த்துக் கட்டணம் 18,500 ரூபாய். எங்கள் குழுவில் பதினெட்டுப் பேர் இருந்தோம். கட்டடக் கலைஞர்களும் என்னைப் போன்ற கட்டுமானப் பொறியாளர்களுமே பெரும்பாலோர். தொல்லியல் மாணவர்கள் இருவர், இளம் கொத்தனார்கள் இருவர், தம் பாட்டனார் வீட்டை விற்க மனமில்லாமல் அதைத் தாமே காப்பாற்றக் கற்றுக்கொள்ள வந்த ஒரு பெரியவர் ஆகியோரும் இருந்தனர்.

நான் போனதற்குக் காரணம் உண்டு. எட்டு ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் நூறாண்டு கடந்த வீட்டில், பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்த காரையை முற்றிலும் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டுப் பூச்சு பூசக் கொடுத்தவன் நான். இரண்டு மழைக்காலம் கழித்துப் பார்த்தபோது பூச்சு கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் தட்டினால் வெற்றொலி கேட்டது. ஓரிடத்தில் உடைத்துப் பார்த்தோம். உள்ளே செங்கல்லின் முகம் மாவாகியிருந்தது. பொறியியல் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் படித்த எனக்கு, சுண்ணாம்பால் கட்டிய சுவர் எப்படி நடந்துகொள்ளும் என்று ஒரு மணி நேரம்கூட யாரும் சொல்லித் தந்ததில்லை.

இந்தக் குறையைப் பயிற்சியின் முதல் நாளே தீர்த்துவைத்தது என்பதை மனநிறைவோடு சொல்ல வேண்டும். தரையிலிருந்து சுவரில் ஓதம் ஏறுவதை முற்றிலும் தடுக்க முடியாத பழைய கட்டடத்தில், சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை ஆவியாக வெளியே விடுகிறது. ஈரத்தோடு வரும் உப்பும் காரையிலேயே பூத்து, காரையைத்தான் உதிர்க்கிறது. காரை உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம், சுவர் பிழைத்துக்கொள்ளும். அடர்த்தியான சிமெண்டுப் பூச்சோ ஈரத்தை உள்ளேயே அடைத்துவைப்பதால், உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதன் முகத்தைத் தகர்க்கிறது. இதைப் பயிற்றுநர் படம் காட்டி விளக்கியதோடு நிறுத்தாமல், அந்த வீட்டின் பின்கட்டிலேயே அடுத்தடுத்து நின்ற இரண்டு சுவர்களிடம் எங்களை அழைத்துச் சென்றார். ஒன்று பழைய காரையுடன் இருந்தது. மற்றொன்று சில ஆண்டுகளுக்கு முன் யாரோ சிமெண்டு பூசியது. இரண்டையும் தட்டியும் தடவியும் பார்த்த பிறகு எங்களில் யாருக்கும் கேள்வி எழவில்லை.

பயிற்சியின் உயிர் என்று நான் கருதுவது இரண்டாம் நாள் தொடங்கி ஆறாம் நாள் வரை நடந்த கைவேலை வகுப்புகளையே. எழுபது வயதைக் கடந்த கொத்தனார் ஒருவரும் அவருடன் வந்த மூன்று பெண்களும் அவற்றை நடத்தினார்கள். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியிலிட்டு நீர் ஊற்றியதும் அது கொதித்துப் பொங்குவதை அருகில் நின்று பார்ப்பது தனி அனுபவம். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுட்டால் ஏறத்தாழ 44 கிலோ கரியமில வாயுவாகப் பிரிந்துபோய் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. அதை நீற்றி, அதாவது நீர் ஊற்றிப் பொங்கவைத்து, குழைத்துச் சுவரில் பூசிய பிறகு, இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. வேதியியல் பாடமாகப் படித்தபோது எனக்கு இது ஒரு சமன்பாடு. கையில் கரண்டியோடு நின்றபோதுதான் இதன் பொருள் உறைத்தது. சுண்ணாம்பு வேலையில் இறுகுவது என்பது ஓரிரு நாளில் முடிகிற காரியம் அன்று.

கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரைக் கலவையில் சேர்ப்பதைப் பலர் ஏதோ இரகசியம் போலப் பேசுவதுண்டு. இங்கே அதைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்லித் தந்தார்கள். வெல்லத்தின் சர்க்கரை, சுண்ணாம்பு நீரில் கரையும் அளவைக் கூட்டுகிறது, கலவை விரைவில் வறண்டுபோகாமல் கரண்டிக்கு வசப்பட உதவுகிறது என்று விளக்கியதோடு, அளவு மீறினால் காரை நாள்கணக்கில் இறுகாமலே கிடக்கும் என்பதையும் ஒரு பலகையில் பூசிக் காட்டினார்கள். செட்டிநாட்டுச் சுவர்களின் பளபளப்புக்குக் காரணமான, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த மேற்பூச்சுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருந்தார்கள். நுண்ணிய பூச்சை வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றும்போது எவ்வளவு அழுத்துவது, எப்போது நிறுத்துவது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லிவிட முடியாது. நான் தேய்த்த இடத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கொத்தனார், “இவ்வளவு அமுக்கினா தண்ணி மேல வந்துரும் தம்பி, கையை மட்டும் வச்சுக்கிட்டுப் போங்க” என்றார். அவர் சொன்னபடி செய்தபோது கல்லின் ஓசையே மாறியது.

மட்டப்பா தளம் போடும் வகுப்பும் இதே தரத்தில் இருந்தது. மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் சொல்லும் இந்தக் கூரையில், தேக்கு விட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் கோணல் வரிசையில் நெட்டாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி மரக்கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிக்கிறார்கள். அடிக்கும் வேலையைச் செய்து காட்டியவர்கள் அந்த மூன்று பெண்களே. தளம் போதுமான அளவு இறுகிவிட்டது என்பதை அவர்கள் கட்டை எழும்பும் விதத்திலிருந்தே அறிந்துகொண்டார்கள். எங்களுக்கு அரை மணி நேரத்தில் தோள் கடுத்துவிட, அவர்கள் மாலைவரை ஒரே சீராக அடித்தார்கள். இத்தகைய தளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டுக் கான்கிரீட் போடுமாறு கட்டட உரிமையாளர்களுக்கு ஆலோசனை சொல்பவர்கள், ஒரு நாளாவது இந்த வகுப்பில் வந்து நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஏழாம் நாளிலிருந்து உரைகள். மரபுச் சின்னங்களைப் பற்றிய 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடையும் அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் விதித்த 2010ஆம் ஆண்டுத் திருத்தம் ஆகியவற்றை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். அது போதும். செட்டிநாட்டு வீடுகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றிருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை தனியார் சொத்து. அவற்றின் நன்மையும் தீமையும் உரிமையாளரும் அவர் அழைத்துவரும் கொத்தனாரும் எடுக்கும் முடிவில்தான் இருக்கின்றன.

உரைகளில் சிறந்தது, பழைய சின்னங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தைப் பற்றியது. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டுருவாக்கம் நின்றுவிட வேண்டும் என்பதும், புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைந்திருந்தாலும் அதிலிருந்து வேறுபடுத்தி அறியக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதும் அதன் முக்கியமான விதிகள். விரிவுரையாளர் இவற்றை ஒப்பிக்காமல், வீட்டு முகப்பில் கை உடைந்து நின்ற ஒரு சுதைப் பொம்மையைக் காட்டி, இதற்குக் கை வைக்கலாமா என்று கேட்டார். பழைய புகைப்படம் இல்லாத நிலையில் கூடாது என்று கட்டடக் கலைஞர்கள் சொல்ல, கோபுரத்துச் சுதைகளைக் குடமுழுக்கு தோறும் திருத்தி வண்ணம் தீட்டும் மரபில் வந்த கைக்கு அந்தக் கையின் நிலை தெரியும் என்று கொத்தனார்கள் வாதிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பதையே வழிபாட்டின் பகுதியாகக் கொண்ட சமூகத்தில் உண்மைத்தன்மை என்பதற்கு என்ன பொருள் என்ற கேள்வியிலிருந்து, ஒவ்வொரு பண்பாடும் தன் அளவுகோலால் அதை மதிப்பிடலாம் என்ற 1994ஆம் ஆண்டு நாரா ஆவணத்துக்கு அவர் எங்களைக் கொண்டுசென்ற விதம் பாராட்டுக்குரியது. அதே மூச்சில், நம் கோயில் கற்றூண்களில் மணலை வேகமாகப் பீய்ச்சித் தூய்மைப்படுத்தும் மணல் வீச்சு முறையால் சிற்ப நுணுக்கங்களும் கல்வெட்டு எழுத்துகளும் தேய்ந்துபோன கதையையும் அவர் மறைக்கவில்லை. புதுப்பிக்கும் மரபு உயிரோடு இருப்பதாலேயே செய்வதெல்லாம் சரியாகிவிடாது என்பதை அந்தப் படங்கள் எங்களுக்கு வலியோடு உணர்த்தின.

இனிக் குறைகள். கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. பயிற்சிக்கு வந்த இளம் கொத்தனார்கள் இருவரும் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். ஓதம், நீற்றுதல், சாந்து, மட்டப்பா, சுதை என்று இந்தத் தொழிலுக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் தமிழில் புழக்கத்தில் இருக்கும்போது, நாற்பது பக்கக் கையேட்டைத் தமிழில் தராதது மன்னிக்கக்கூடிய அலட்சியம் அன்று. நாளைக்கு ஏணியில் ஏறிப் பூசப்போகிறவர்கள் அவர்களே அல்லவா?

ஐந்து நாள் எங்களுக்குக் கற்றுத்தந்த மூத்த கொத்தனாரின் பெயரும் அந்தப் பெண்களின் பெயர்களும் கையேட்டில் இல்லை. சான்றிதழில் கையொப்பமிட்டவர்களின் வரிசையிலும் இல்லை. நிறைவு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதைவிட, விரிவுரையாளருக்கு நிகரான இடத்தை அவருக்குக் கையேட்டில் கொடுத்திருக்கலாம். இதை நான் அமைப்பாளர்களிடம் நேரிலேயே சொன்னேன்.

பெரிய குறை வேறு. கட்டடத்தை அளந்து வரைவதற்கும் பழுதின் காரணத்தைக் கண்டறிவதற்கும் சேர்த்து அரை நாள் மட்டுமே கொடுத்திருந்தார்கள். விரிசல் எங்கிருந்து புறப்படுகிறது, மழைநீர்க் குழாய் எங்கே உடைந்திருக்கிறது, முற்றத்துத் தளம் உயர்த்தப்பட்டதால் சுவரடியில் நீர் தேங்குகிறதா என்பவற்றைத் தேடிப் பார்க்கும் பழக்கம் படக்காட்சியால் வராது. எங்கள் பூச்சு வேலை முழுவதும் பயிற்சிக்கென்று புதிதாகக் கட்டிய சிறு செங்கல் சுவர்களில்தான் நடந்தது. ஓதம் ஏறி உப்புப் பூத்த ஒரு பழைய சுவரின் முன் எங்களை நிறுத்தி, எதைத் தொடுவது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுக்கச் சொல்லவே இல்லை. காரணத்தைத் தீர்க்காமல் நல்ல காரையைப் பூசினாலும் அது உதிரத்தான் போகிறது. கரண்டி பிடிக்கத் தெரிந்துகொண்ட துணிவில், அவசரமில்லாத சுவரையும் கொத்தி எடுத்துவிடும் ஆபத்து எங்களைப் போன்றவர்களுக்கு உண்டு. எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்ததும் அதுதான்.

பழைய வீடு வைத்திருப்பவர்களும் இளம் பொறியாளர்களும் இந்தப் பயிற்சிக்குப் போகலாம்; கைவேலை வகுப்புகளுக்காகவே இந்தக் கட்டணம் தகும். கட்டட ஆய்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது. பணம் கட்டுமுன், பழைய சுவரில் வேலை செய்ய விடுவீர்களா, பூசியதைத் திரும்ப வந்து பார்க்க ஒரு நாள் உண்டா என்று இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். எங்கள் குழுவுக்கு அப்படி ஒரு நாளை அவர்கள் ஏற்பாடு செய்யவில்லை. மாதக்கணக்கில் இறுகும் பொருளைப் பத்து நாளில் கற்பித்து, பதினோராம் நாள் கதவைப் பூட்டிவிட்டார்கள்.

எழுபது நாள் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, அனுமதி பெற்று நான் பூசிய சுவரைப் பார்த்தேன். மூத்த கொத்தனாரும் உடன் வந்தார். என் பூச்சில் மயிரிழை விரிசல்கள் வலைபோல் ஓடியிருந்தன. அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிட்டிருந்த ஆணிகள் வெறுமனே நிற்பதைக் காட்டி, “நீங்க போன மறுநாளே தண்ணி காட்டுறத நிறுத்திட்டாங்க தம்பி” என்றார். ஓரத்தில் ஒரு துண்டைப் பெயர்த்து, கொண்டுபோயிருந்த பினாப்தலீன் கரைசலைத் தெளித்தேன்; இன்னும் கல்லாகாத சுண்ணாம்பில் பட்டால் இளஞ்சிவப்பாக மாறும் கரைசல் அது. வெளிப்புறத்தில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு நிறம் மாறவில்லை. அந்த அளவுக்குத்தான் அது கல்லாகியிருந்தது. உள்ளே முழுவதும் அடர்ந்த இளஞ்சிவப்பு.