கரண்ட் விட்டுத் தண்ணீரைக் கறுப்பாக்கிக் காட்டுகிறவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்

தர்மபுரி டவுனில் பென்னாகரம் ரோடு, குமாரசாமிப்பேட்டை, அன்னசாகரம் பக்கம் இருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். வயதானவர்களைப் பகலில் தனியே வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். "தண்ணி டெஸ்ட் பண்ண வந்திருக்கோம்" என்று சொல்லிக்கொண்டு சிலர் தெருத்தெருவாக வருகிறார்கள். எங்கள் அம்மாவிடம் 8,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள். பணத்தை விடுங்கள், அவர்கள் மாட்டிவிட்டுப் போன தண்ணீர் சுத்திகரிப்புப் பெட்டியால் அம்மாவுக்கு ஷாக் அடித்தது. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நானும் மனைவியும் வேலைக்குப் போன பிறகு, பதினொரு மணி வாக்கில் வந்திருக்கிறார்கள். இரண்டு இளைஞர்கள், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு கறுப்புப் பை. "ஒகேனக்கல் திட்டத்துல இருந்து வர்றோம்மா, ஃபுளோரைடு டெஸ்ட்" என்றார்களாம். நம் ஊரில் இந்த ஒரு வார்த்தை போதும், கதவு திறந்துவிடும். நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகமாக இருக்கிறது என்பதற்காகவே பெருஞ்செலவில், ஜப்பான் கடனுதவியோடு கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013-ல் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்த மாவட்டம் இது. கிராமங்களில் பயிற்சி பெற்ற பெண்கள் சின்னப் பெட்டி வைத்துக்கொண்டு நிஜமாகவே தண்ணீரைச் சோதிக்கிறார்கள். அதனால் சோதிக்க வருகிறோம் என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. அம்மாவுக்கும் வரவில்லை.

சமையலறைக் குழாயிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்திருக்கிறார்கள். பையிலிருந்த பாட்டில் தண்ணீரை இன்னொரு டம்ளரில் ஊற்றியிருக்கிறார்கள். நாலு கம்பி தொங்கும் ஒரு கருவியை இரண்டு டம்ளரிலும் இறக்கி, மிக்ஸி போடும் பிளக்கில் செருகி சுவிட்சைப் போட்டார்களாம். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நம்ம தண்ணி மொதல்ல பச்சையா ஆச்சு கண்ணு, அப்புறம் செம்மண்ணு மாதிரி, அப்புறம் மேல கறுப்பா நொரை கட்டிச்சு. அவங்க தண்ணி அப்படியே தெளிவா இருந்துச்சு." அதைக் காட்டி, "இதைத்தான் இத்தனை வருஷமா குடிக்கிறீங்க. மூட்டு வலி இதனாலதான், பல்லுல காவியும் இதனாலதான்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா பிறந்தது பென்னாகரம் பக்கத்துக் கிராமம். சின்ன வயதில் குடித்த கிணற்றுத் தண்ணீரால் பல்லில் கறை உண்டு. அதைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறார்கள். "இந்த மிஷின் வெச்சா ஒரே மாசத்துல கறை போயிடும்" என்றும் சொன்னார்களாம். அது போகாது. பல்லின் மேற்பூச்சு சிறு வயதில் உருவாகும்போதே விழுந்த கறை அது. இப்போது எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் மாறாது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் வாயைப் பார்த்து இப்படி ஒரு பொய்யைச் சொல்ல எப்படி மனசு வந்தது என்று இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

சரி, அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு டம்ளரிலும் இறங்கிய கம்பிகளில் ஒன்று இரும்பு, ஒன்று அலுமினியம். தண்ணீரில் உப்புச்சத்து இருந்தால் கரண்ட் பாயும். கரண்ட் பாய்ந்தால் இரும்பு கரையும். கரைந்த இரும்புதான் பச்சையும் காவியும் கறுப்புமாக மிதக்கிறது. பாட்டிலில் அவர்கள் கொண்டுவருவது உப்பெல்லாம் நீக்கிய தண்ணீர். அதில் கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் நிறமும் மாறாது. ஆக மிதந்தது அவர்கள் கம்பியின் துரு, நம் தண்ணீரின் அழுக்கு இல்லை. எங்கள் தெருவில் இருக்கும் வேதியியல் ஆசிரியர் ஒருவர் இதை அம்மாவுக்குச் செய்தே காட்டினார். கேன் தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி, இரண்டு இரும்பு ஆணியைப் போட்டு, சின்னச் சதுர பேட்டரியில் இணைத்தார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அரை ஸ்பூன் கல் உப்பைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அதே பச்சை, அதே காவி. "நல்ல தண்ணியும் இப்படி ஆகுதா!" என்று அம்மா கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. (நீங்கள் செய்து பார்ப்பதானால் பேட்டரியில் மட்டும் செய்யுங்கள். வீட்டு கரண்டில் வேண்டவே வேண்டாம்.)

ஃபுளோரைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, நாக்குக்கும் தெரியாது. உண்மையான சோதனையில் தண்ணீரில் சில சொட்டு மருந்து விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒத்துப் பார்ப்பார்கள். அதற்கு பிளக்கே தேவையில்லை. பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டரும் மொத்த உப்பின் அளவைத்தான் ஓரளவு சொல்லும். ஃபுளோரைடு எவ்வளவு, கிருமி உண்டா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இப்போது அந்தப் பெட்டிக்கு வருகிறேன். மொத்த விலை 14,500, "இன்னைக்கு மட்டும் ஆஃபர்" என்று சொல்லி 8,500-ஐக் கையில் வாங்கிக்கொண்டு உடனே மாட்டிவிட்டார்கள். ஆர்.ஓ. என்று பெட்டி மேல் பெரிதாக எழுதியிருந்தது. சாயங்காலம் வந்து பார்த்ததும் எனக்கு முதலில் உறுத்தியது கழிவு நீர்க் குழாய்தான். ஆர்.ஓ. என்றால் ஒரு பங்கு நல்ல தண்ணீர் வரும்போது வழக்கமாக அதைவிட அதிகமான தண்ணீர் கழிவாக வெளியே போகும். இதில் அந்தக் குழாய் சிங்கில் சும்மா தொங்கியது, ஒரு சொட்டு வரவில்லை. பிறகு திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு பஞ்சு ஃபில்டரும் கரி ஃபில்டரும் மட்டும்தான் இருந்தன. உப்பை வடிகட்டும் மெல்லிய சவ்வான மெம்பரேன் இருக்க வேண்டிய உருளை காலி. பஞ்சும் கரியும் ஃபுளோரைடை நீக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். எதைச் சொல்லி பயமுறுத்தினார்களோ அதை நீக்கும் பாகமே அந்தப் பெட்டியில் இல்லை.

திறந்து பார்ப்பதற்கு முன்பே ஷாக் அடித்துவிட்டது. ஈரக் கையோடு சிங்க் குழாயைத் தொட்ட அம்மாவைத் தூக்கி எறிந்ததுபோல் ஆகிவிட்டது. நல்ல வேளை, கை விடுபட்டது. எலக்ட்ரீசியன் வந்து சுவிட்ச் பாக்ஸைக் கழற்றினார். பிளக் இல்லாமல், பழைய ஒயரின் மேல்தோலைச் சீவி, புது ஒயரை முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தார்கள். எர்த் ஒயரை இணைக்கவே இல்லை. பெட்டியின் இணைப்பிலிருந்து கசிந்த தண்ணீர் சுவர் வழியாக நேரே அந்த டேப்பில் இறங்கியிருந்தது. அன்றே மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுவிட்டோம். கரண்ட் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். பழைய வீடு வைத்திருப்பவர்கள் மெயின் பெட்டியைத் திறந்து, 'டெஸ்ட்' பொத்தான் உள்ள ஸ்விட்ச் ஒன்று இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இன்னொன்று. டேங்க்கைப் பார்க்க வேண்டும் என்று மொட்டை மாடிவரை போயிருக்கிறார்கள். "பையன் எப்பம்மா வருவாரு, பகல்ல நீங்க மட்டும்தானா?" என்றும் விசாரித்திருக்கிறார்கள். தண்ணீருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மாடிக் கதவின் பூட்டை மாற்றிவிட்டேன்.

தண்ணீரை நிஜமாகவே சோதிக்க வேண்டுமானால் தர்மபுரியிலேயே குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டிப் பொதுமக்களும் கொடுக்கலாம். நான் குழாயில் வரும் காவிரித் தண்ணீர், போர் தண்ணீர், அந்தப் பெட்டி வழியாக வந்த போர் தண்ணீர் என மூன்றையும் தனித்தனியாகக் கொடுத்தேன். இந்தியத் தர நிர்ணயப்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. காவிரித் தண்ணீர் ஒன்றுக்குள் இருந்தது. போர் தண்ணீர் 1.5-ஐத் தாண்டியது. பெட்டியில் வந்ததும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆக, போர் தண்ணீரைப் பற்றிய பயம் நியாயமானது. எங்கள் சமையலறைக் குழாய் மாடி டேங்க்கிலிருந்து வருவது, அதில் போர் தண்ணீர்தான். இப்போது குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீரைத் தனியாகப் பிடித்து மூடி வைக்கிறோம்.

ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை. சேலம் முகவரி ஒன்று இருக்கிறது, விசாரித்தால் அங்கே அப்படி ஒரு கடையே கிடையாது. போன் எப்போதும் ஸ்விட்ச் ஆஃப். போலீசில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்திருக்கிறேன். இன்னும் ஆளைப் பிடித்தபாடில்லை.

எங்கள் தெருவிலேயே வேறு வீடுகளிலும் இதே பெட்டி மாட்டியிருப்பது இப்போதுதான் தெரிகிறது. உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். பெட்டி, ரசீது, பணம் அனுப்பிய விவரம், பக்கத்து வீட்டு கேமராப் பதிவு எல்லாம் ஆதாரம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. நாங்கள் சில வீட்டுக்காரர்கள் சேர்ந்து மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஏமாந்தவர்கள் ரசீதோடு வந்தால் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்கிறோம்.