தரமணி ரோஜா முத்தையா நூலகம்: எம்.ஏ. தமிழ் பசங்களுக்கு

ஒரு விமர்சனக் கட்டுரையை எடுத்து, அதை நீங்களே விமர்சனம் செய்யுங்கள் என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள். எங்கள் கல்லூரி நூலகத்தில் இருந்ததெல்லாம் நோட்ஸ்தான், அதிலும் வேண்டிய பக்கத்தை யாரோ கிழித்துப் போயிருந்தார்கள். சரி என்று ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனேன். கோட்டையூர்க்காரர் ஒருவர் சேர்த்த புத்தகங்களை வைத்து 1994இல் தொடங்கிய இடம். சி.சு. செல்லப்பா விமர்சனத்துக்கென்றே 1959இல் ஆரம்பித்த ‘எழுத்து’ இதழைப் புரட்டியபோதுதான், நோட்ஸ் ‘புதுக்கவிதையை வளர்த்தது’ என்று ஒரே வரியில் முடித்த விஷயத்துக்குப் பின்னால் எவ்வளவு வாதம், மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு இருந்தது என்று புரிந்தது. மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன் (நான்!). நூலகத்தின் அட்டவணை இணையத்திலேயே இருக்கிறது, முதலில் அதில் தேடித் தலைப்புகளைக் குறித்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். தாராளமாக ஐந்து நட்சத்திரம்.