மஞ்சப்பையா, பர்ஸ் அட்டையா, போனா? பைபோலார் உள்ளவரின் அவசரக் குறிப்பு எங்கே இருக்க வேண்டும்

என் தம்பிக்கு இருமுனைக் கோளாறு. வீட்டில் 'பைபோலார்' என்றுதான் சொல்வோம். ஒன்பது வருடச் சீட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் திருச்சி வீட்டு பீரோவில் ஒரு மஞ்சப்பைக்குள் இருந்தன. தம்பி வேலை பார்ப்பது கோவையில்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு அவனோடு தங்கியிருக்கும் பையன் போன் செய்தான். "அக்கா, மூணு நாளா வயித்தால போகுது. இப்ப கை நடுங்குது, டம்ளரைப் பிடிக்க முடியல, பேச்சும் குழறுது. குடிச்சிருக்காரான்னு டாக்டர் கேக்குறார்."

தம்பி குடிப்பதில்லை. உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் ஐபுப்ரோஃபென் வாங்கிப் போட்டிருந்தான். அவன் மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவன். உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகளாலும் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். வழக்கமாக அந்த அளவை லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள்; 1.5-ஐத் தாண்டினாலே நஞ்சாகத் தொடங்கிவிடும். இடைவெளி அவ்வளவுதான்.

டியூட்டி டாக்டர் போனில் கேட்டது மூன்றே கேள்வி. என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், கடைசி லித்தியம் அளவு எப்போது, எவ்வளவு? பையைத் தரையில் கொட்டித் தேடியதில் நாற்பது நிமிடம் போனது. தம்பி தேறிவிட்டான். அந்த நாற்பது நிமிடம் மட்டும் எனக்கு மறக்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு வழியாக நாங்களே வைத்துப் பார்த்தோம்.

பைபோலாரில் அவசரம் இரண்டு விதம். உடம்பு விழுவது ஒன்று: விபத்து, அறுவை சிகிச்சை, மேலே சொன்ன லித்தியம் நஞ்சு. மனம் எழும்புவதோ விழுவதோ இன்னொன்று: நாலு நாள் தூங்காமல் மனம் கட்டுக்கடங்காமல் பாயும் மேனியா, அல்லது உயிரை விடத் தோன்றும் மனச்சோர்வு. ஒன்றுக்கு உதவுவது மற்றதில் கைவிட்டுவிடும்.

முதலில் அந்த மஞ்சப்பை. அதைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். புது மனநல மருத்துவரிடம் போகும்போது எந்த மருந்து எந்த வருடம் ஒத்துக்கொள்ளவில்லை என்பது அதில்தான் இருக்கிறது. ஆனால் நடு ராத்திரிக்கு அது உதவாது. தேதிவாரியாக அடுக்கி ஃபைல் போட்டாலும், ஆள் ஓர் ஊரில், ஃபைல் வேறு ஊரில் என்றால் என்ன பயன்?

பர்ஸ் அட்டை மிகப் பழைய வழி. உடம்புக்கான அவசரத்தில் அதை அடிக்க ஆளில்லை என்பது என் முடிவு. விபத்தில் மயங்கிக் கிடப்பவரின் பர்ஸை 108 ஊழியரோ போலீஸோ யார் என்று பார்க்க எப்படியும் திறப்பார்கள். தம்பிக்கு ஒரே தயக்கம்: "பஸ்ல பர்ஸ் தொலைஞ்சா எவனோ ஒருத்தனுக்கு என் வியாதி தெரியணுமா?" நியாயம்தான். மனநோய் என்று எழுதியிருந்தால் நெஞ்சுவலியைக்கூட 'மனசு சம்பந்தப்பட்டது' என்று ஒதுக்கும் ஆபத்தும் உண்டு. அதனால் நோயின் பெயரை விட்டுவிட்டு மருந்தை மட்டும் எழுதினோம்: லித்தியம் எடுக்கிறார், அளவு இவ்வளவு, ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் தர வேண்டாம், இந்த எண்ணுக்கு அழைக்கவும். மருந்துப் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில். பிராண்டு பெயர் கடைக்குக் கடை மாறும் என்பதால் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை எழுத வேண்டும். சாதா மாத்திரையா, மெதுவாகக் கரையும் எஸ்ஆர் வகையா என்பதும் வேண்டும். கடையில் ஸ்ட்ரிப்பை வெட்டிக் கொடுக்கும்போது பெயர் இருக்கும் பக்கமே போய்விடுகிறது. அதை நம்பி இருக்க முடியாது.

போனின் பூட்டுத் திரை அடுத்தது. ஐபோனில் ஹெல்த் ஆப்பில் 'மெடிக்கல் ஐடி' இருக்கிறது, பூட்டியிருக்கும்போதும் தெரியும்படி வைக்கலாம். ஆண்ட்ராய்டிலும் அவசரத் தகவல் பகுதி உண்டு. அட்டையைவிட நிறைய எழுதலாம், அடிக்கடி மாற்றலாம். ஆனால் அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் நம் ஊர் கேஷுவால்டியில் குறைவு. சார்ஜ் தீர்ந்தால் அதுவும் இல்லை. மேனியாவில் இன்னொன்றும் நடக்கும். தம்பி ஒருமுறை அந்த வேகத்தில் போனை யாரோ டீக்கடைப் பையனுக்குக் கொடுத்துவிட்டு வந்தான். பூட்டுத் திரையும் அதோடு போயிற்று.

ஆபா அட்டை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நம் மருத்துவ ஆவணங்களை டிஜிட்டலாக இணைத்துவைக்கும் 14 இலக்க எண், ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் கீழ் வருவது. நம் சம்மதம் இல்லாமல் யாரும் ஆவணத்தைப் பார்க்க முடியாது என்பது நல்ல விஷயம். அந்தச் சம்மதத்தை நோயாளிதான் தன் போனில் தர வேண்டும் என்பதே அவசரத்தில் சிக்கல். தனியார் மருத்துவர் கையால் எழுதும் சீட்டும் நாம் ஏற்றினால்தான் அதில் சேரும். நீண்ட காலச் சேமிப்புக்குச் சரி, பீரோவுக்கு மாற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் சீட்டைப் படமெடுத்துக் குடும்பத்தாருக்கு அனுப்புவதை எல்லோரும் செய்கிறோம். வேகமானது. ஆனால் போன வருடச் சீட்டும் இந்த மாதச் சீட்டும் கலந்து கிடக்கும். பழைய அளவைப் படித்துச் சொல்லிவிட்டால் வெறுங்கையைவிட மோசம். லாமோட்ரிஜின் போன்ற மருந்தைச் சில நாள் விட்டுவிட்டால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது, சிறிய அளவிலிருந்து ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் கடுமையான தோல் பாதிப்பு வரலாம். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதைப் படம் சொல்லாது.

இதுவரை சொன்னதெல்லாம் உடம்புக்கான அவசரம். மனத்துக்கான அவசரத்தில் நோயாளியின் கையில் இருக்கும் எதையும் நம்ப முடியாது. மேனியா ஏறும்போது "எனக்கு ஒண்ணும் இல்ல"தான் முதல் பேச்சு. அட்டையைக் கிழிப்பதும் பாஸ்வேர்டை மாற்றுவதும் அப்போதுதான். ஆகவே நல்லாயிருக்கும் நாளில், அவரே எழுதி, இன்னொருவர் கையில் கொடுத்துவைத்த ஒரு பக்கத் தாள்தான் வேண்டும்.

சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தன் சார்பில் முடிவெடுக்க உதவும் நியமனப் பிரதிநிதியையும் குறிப்பிடலாம். உடனடி அவசர சிகிச்சையை அந்த எழுத்து கட்டுப்படுத்தாது. இருந்தாலும் மருத்துவமனை யாரிடம் பேச வேண்டும் என்ற குழப்பம் தீரும். மாமா, சித்தப்பா என்று ஆளுக்கொன்று சொல்லும் வீடுகளில் அது பெரிய விஷயம்.

எங்கள் தாளில் மருந்தும் அளவும், கடைசி லித்தியம், தைராய்டு, கிரியாட்டினின் முடிவுகள் தேதியோடு, தனியாக மனச்சோர்வு மாத்திரை கொடுத்தபோது மேனியா வந்த வருடம், ஸ்டீராய்டு தந்தால் மனநல மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்ற குறிப்பு, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416. அப்புறம் ஆரம்ப அறிகுறிகள்: ராத்திரி ரெண்டு மணிக்குப் பாத்திரம் கழுவுவது, ஆன்லைனில் ஷூ வாங்குவது. ஒரு பிரதி என்னிடம், ஒன்று அறைத்தோழனிடம், ஒன்று மருத்துவரிடம். ரத்தப் பரிசோதனை முடிந்த அன்றே மூலையில் புதுத் தேதி போட்டு, பழைய தாள்களைக் கிழித்துவிடுகிறோம்.

எங்களுக்கு நிலைத்தவை இரண்டு: பர்ஸில் அட்டை, பிறர் கையில் தாள். போனில் எழுதுவதற்கு ஐந்து நிமிடம்தான், அதையும் செய்திருக்கிறோம்.

தாளின் கடைசி வரிகள் தம்பி தன் கையெழுத்தில் எழுதியவை: "அப்போ நான் திட்டுவேன். அதை நம்பாதீங்க. அக்காவைக் கூப்பிடுங்க. அம்மாவை ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க வைக்காதீங்க, அவங்க அழறதைப் பாத்தா எனக்கு இன்னும் பயமா இருக்கும்."