மின்தடை நாட்களுக்கான எங்கள் வீட்டு ஏற்பாடுகள்: உப்புவெளியிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

மின்தடை என்றதும் பலருக்கு வெளிச்சத்தின் நினைவுதான் முதலில் வருகிறது. கடைக்குப் போய் மெழுகுவர்த்தியும் ரோச் லைட்டும் வாங்கி வருகிறார்கள். திருகோணமலையில், அதுவும் கடலை ஒட்டிய உப்புவெளியில், பல ஆண்டுகள் இந்தத் தடைகளோடு குடும்பம் நடத்திய பிறகு நான் உறுதியாகச் சொல்வேன்: இங்கே முதலில் வேண்டியது தண்ணீர், அடுத்தது காற்று. வெளிச்சம் மூன்றாவதுதான், அது மலிவாகவும் கிடைத்துவிடும். காசை எதில் போடுவது என்பதை இந்த வரிசையே தீர்மானிக்கட்டும்.

முன்கூட்டியே அறிவித்துச் செய்யப்படும் தடையிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று 2022இல் நாடு முழுவதும் அனுபவித்தது. எரிபொருள் இறக்க டொலர் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைவு. மார்ச் தொடக்கத்தில் ஏழரை மணித்தியாலமாக இருந்த வெட்டு, மாத முடிவில் 13 மணித்தியாலம் வரை போனது. பிறகு நேரம் குறைந்தாலும், 2023 பெப்ரவரியில் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோதும் மாலை வெட்டு தொடர்ந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்ட பிறகு நுரைச்சோலை நிலக்கரி மின்நிலைய இயந்திரங்கள் நின்றுபோனதால், அடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியாலம் வீதம் மீண்டும் வெட்டினார்கள். இரண்டாவது வகை, கம்பி திருத்தவும் மரக்கிளை வெட்டவும் காலையிலிருந்து மாலை வரை ஒரு பகுதிக்கு மட்டும் நிறுத்துவது. எங்கள் வீட்டில் இப்போது அதிகம் வருவது இதுதான்.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் பற்றரியோ, அதன் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டரோ எதையும் வாங்க வேண்டாம். திருத்த வேலை நாளில் பற்றரி நிறைந்த நிலையில் தடை தொடங்குகிறது. பகுதி பகுதியாக மாறி மாறி நிறுத்தும் முதல் வகைச் சுழற்சி வெட்டிலோ, ஒரு வெட்டில் இறங்கிய பற்றரி ஏறி முடிவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். பற்றரியின் அளவைப் பற்றிப் பேசும் கடைக்காரர்கள் அது திரும்ப ஏற எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைத் தாமாகச் சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் வளவில் கிணறு இருக்கிறது. மோட்டார் தண்ணீரை மேலே 1000 லீற்றர் தாங்கிக்கு ஏற்றுகிறது. ஒரு குதிரைவலு மோட்டார் ஓடும்போதே 750 வோட்டுக்கு மேல் இழுக்கும், கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு. வீட்டுக்கு வாங்கும் சாதாரண இன்வேர்ட்டர் அதைத் தாங்காது. ஆகவே தடை அறிவித்த நாளுக்கு முதல் இரவே தாங்கியை நிரப்பிவிடுவோம். மோட்டார் பூட்டிய பிறகு பல வீடுகளில் கிணற்றுக் கப்பியைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். தயவுசெய்து கழற்றாதீர்கள். 2022இல் எங்கள் ஒழுங்கையில் கப்பியும் வாளியும் வைத்திருந்த வீடுகளில்தான் மற்றவர்களும் தண்ணீர் அள்ளினார்கள். கயிற்றை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும், வேறு செலவே கிடையாது.

அடுத்தது காற்று. கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இங்கே பகல் முழுவதும் அனல் அடிக்கும், இரவிலும் சுவர்கள் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். மின்விசிறி இல்லாமல் வயதானவர்களும் குழந்தைகளும் தூங்க முடியாது, நுளம்பும் விடாது. இதற்காகத்தான் 12 வோல்ட், 150 அம்பியர்-மணி கொள்ளளவு கொண்ட, ஈய அமில வகையான டியூபியூலர் பற்றரியையும், மின்வலையைப்போலச் சீரான அலையாக மின்சாரம் தரும் ஒரு சைன் வேவ் இன்வேர்ட்டரையும் வாங்கினோம். மலிவான சதுர அலை இன்வேர்ட்டரில் மின்விசிறி உறுமும், சூடாகும். அந்த வித்தியாசத்துக்குக் கொடுத்த பணம் வீண் போகவில்லை.

கணக்கு இப்படி. 150 அம்பியர்-மணியை 12ஆல் பெருக்கினால் 1800 வோட்-மணி. ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கையில் இருப்பது 900 என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய கூரை மின்விசிறி ஒன்று 70 வோட் எடுக்கும். இரண்டு மின்விசிறி, மூன்று 9 வோட் எல்.ஈ.டி மின்குமிழ், ரவுட்டர் ஆகியவற்றோடு இன்வேர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 210 வோட் அளவில் வரும். நான்கு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் ஓடும், அவ்வளவுதான். இரண்டு மின்விசிறியையும் 30 வோட் எடுக்கும் பி.எல்.டி.சி (தூரிகை இல்லாத நேர்மின்னோட்ட மோட்டார்) வகைக்கு மாற்றிய பிறகு அதே பற்றரி ஏறத்தாழ எட்டு மணித்தியாலம் தாங்குகிறது. மாதாந்த மின்கட்டணமும் இறங்கியது. இரண்டாவது பற்றரி வாங்க நினைப்பவர்கள் முதலில் மின்விசிறியை மாற்றிப் பாருங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

உப்புக்காற்று பற்றரிக்குப் பெரிய எதிரி. கவனிக்காமல் விட்டால் முனைகளில் வெள்ளையும் பச்சையும் கலந்த ஒரு பொடி பூத்து, கம்பியின் பிடியையே தளர்த்திவிடும். இன்வேர்ட்டர் காரணமில்லாமல் சத்தமிட்டு நிற்கும்போது பற்றரி பழுதென்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பல தடவை இந்தப் பொடிதான் காரணம். இன்வேர்ட்டரை நிறுத்தி, நெகட்டிவ் (−) முனையை முதலில் கழற்றி, வெந்நீரில் அப்பச்சோடா கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கரைந்துவிடும். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, இறுக்கிப் பூட்டி, மேலே வசலின் தடவ வேண்டும். கரைசல் மூடித் துளைகளுக்குள் இறங்கக் கூடாது. மிதவைக் குறி தாழ்ந்தால் பற்றரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த நீர்) விடுவோம், கிணற்றுத் தண்ணீரை ஒருபோதும் விட மாட்டோம்.

சூடும் ஆயுளைத் தின்னும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகை ஏற்றத்துக்கும் ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொது விதி. நம் ஊருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. பலர் பற்றரியைப் படிக்கட்டின் கீழே மூடிய அலுமாரிக்குள் வைக்கிறார்கள். அது பிழையான இடம். ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும், காற்றோட்டம் கட்டாயம் வேண்டும், பக்கத்தில் விளக்கு கொளுத்தக் கூடாது. எங்களுடையது பின் விறாந்தையில், வெயில் படாத மூலையில், மரப்பலகையின் மேல் இருக்கிறது.

குளிர்சாதனப்பெட்டியை இன்வேர்ட்டரில் இணைக்கவில்லை, இணைக்க விரும்பவும் இல்லை. கதவைத் திறக்காமல் விட்டால் கீழ்ப்பகுதி நான்கு மணித்தியாலம் குளிரைப் பிடிக்கும். நிறைந்த பிரீசர் ஏறத்தாழ இரண்டு நாட்கள், பாதி நிறைந்தது ஒரு நாள். பிரீசரின் வெற்றிடத்தைத் தண்ணீர் போத்தல்களால் நிரப்பி உறையவைத்துவிடுகிறோம். தடை நாளில் மீன்காரரிடம் பாரையோ சூரையோ எவ்வளவு நல்லதாக வந்தாலும் ஒரு நேரக் கறிக்கு மட்டும்தான் வாங்குவேன். மின்சாரம் திரும்பியதும் குளிர்சாதனப்பெட்டியை உடனே போடாமல் பத்து நிமிடம் பொறுத்துப் போடுவது நல்லது. கம்பிரசருக்கும் ஓய்வு கிடைக்கும், வந்து போய் வரும் மின்னழுத்தத்திலிருந்தும் தப்பும்.

எனக்கு உண்மையான கவலை அம்மாவின் இன்சுலின். பாவனையில் உள்ள இன்சுலினைச் சில வாரங்கள் வெளியே வைக்கலாம் என்று துண்டுப்பிரசுரத்தில் இருக்கும். ஆனால் அது 30 பாகைக்குக் கீழே. வைகாசி, ஆனி மாதங்களில் எங்கள் வீட்டுக்குள் சூடு அதற்கு மேல்தான் இருக்கும். ஆகவே நாள் முழுத் தடை என்றால், பாவனையில் இருப்பதை ஈர மணல் நிறைத்த மண்சட்டிக்குள் ஒரு சிறு மண்கலயத்தில் வைத்து ஈரத்துணியால் மூடுகிறேன். வறண்ட கச்சானில் இது மிக நன்றாக வேலை செய்கிறது. வாடைக்காற்றுக் காலத்து ஈரக்காற்றில் அவ்வளவு பயன் இல்லை, ஆனால் அப்போது சூடும் குறைவு. திறக்காத மருந்து, ஐஸ் போத்தலுக்கும் மருந்துக்கும் இடையே தடித்த துவாய் வைத்த குளிர்ப்பெட்டியில் இருக்கும். ஐஸில் நேரே படவே கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்வைக்குப் பழையபடி தெரிந்தாலும் பயன்படாது, எறியத்தான் வேண்டும்.

சின்னப் பொருட்களில், ரவுட்டருக்கென்று வரும் 12 வோல்ட் சிறு யு.பி.எஸ் (மின்சாரம் நின்றதும் தன் பற்றரியிலிருந்து தொடர்ந்து மின்சாரம் தரும் கருவி) கொடுத்த காசுக்கு மேல் உழைக்கிறது. உள்ளே பற்றரி உள்ள மின்குமிழ்கள் ஓர் ஆண்டுக்குள் மங்கிவிட்டன, மீண்டும் வாங்க மாட்டேன். சார்ஜ் செய்யும் மேசை மின்விசிறி படிக்கும் பிள்ளைக்கு ஏற்றது. ஆனால் பாவிக்காத மாதங்களிலும் இடையிடையே ஏற்றி வைக்காவிட்டால் அதன் பற்றரி செத்துவிடும். நுளம்பு வலைக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி வைப்பதை எங்கள் வீட்டில் முற்றாகவே நிறுத்திவிட்டோம்.

கூரையில் சோலார் போட்டால் மின்தடை இல்லை என்று நம்பி வாங்கியவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. மின்வலையோடு மட்டும் இணைத்த தொகுதி, ஊரில் மின்சாரம் நின்றதும் தானாகவே நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பற்றரியோடு கூடிய ஹைபிரிட் இன்வேர்ட்டர் இருந்தால்தான் நல்ல வெயிலிலும் வீட்டுக்கு மின்சாரம் கிடைக்கும். நிலக்கரி மின்நிலையத் திட்டம் கைவிடப்பட்ட, எங்கள் மாவட்டத்துச் சம்பூரில் 2025 ஏப்ரலில் 120 மெகாவோட் சூரிய மின் திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. அது வந்தாலும் நம் ஒழுங்கைக் கம்பியில் கிளை வெட்டும் நாளில் தடை இருக்கத்தான் செய்யும்.

இவை எல்லாம் தடை வரும் நேரம் முன்பே தெரிந்தால்தான் பயன்படும். அறிவித்தல் தொலைபேசியில் வந்து சேர்கிறது. தொலைபேசியில் பார்க்கத் தெரியாத முதியவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே பலர் இருக்கிறார்கள். "நாளைக்கு எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள் தங்கச்சி?" என்று பக்கத்து வீட்டு மாமி வேலியோரம் கேட்பார். இப்போது அவர் கேட்கும் முன்பே நான் போய்ச் சொல்லிவிடுகிறேன், தாங்கியும் நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். அறிவித்தலில் பிரதேசப் பெயரோடு ஒழுங்கைப் பெயரையும் தமிழில் தெளிவாகப் போட்டால் எத்தனையோ வீடுகளுக்கு உதவியாக இருக்கும்.

எங்கள் பற்றரி இப்போது முன்னைப்போல் தாங்குவதில்லை. அடுத்ததாக லிதியம் இரும்பு பொஸ்பேற்று வகையை வாங்கும் எண்ணம். கொள்ளளவில் 80 வீதம் வரை தயங்காமல் பாவிக்கலாம், வேகமாக ஏறும், தண்ணீர் விடும் வேலையும் இல்லை. விலைதான் அதிகம். பழைய இன்வேர்ட்டரில் லிதியத்துக்கான தெரிவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அதையும் சேர்த்து மாற்ற நேரிடும். பழைய பற்றரியை இரும்பு சேர்ப்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ஈயத்துக்காகப் பற்றரிக் கடைகளே புதியதன் விலையில் ஒரு தொகையைக் கழித்துத் தருகின்றன.