பத்து வயதான புதுப் பெட்டி

2010 தீபாவளிக்கு முந்தின வாரம் இரண்டு பிளேஸ்டேஷன் 2 வாங்கினேன். டிவியில் மாட்டி ஆடுகிற சோனி கம்பெனி கேம் பெட்டி, சுருக்கமாக பிஎஸ் 2. செகண்ட் ஹேண்ட் இல்லை. சீல் பிரிக்காத புதுப் பெட்டி, வாரண்டி கார்டோடு. ஜப்பானில் அந்த இயந்திரம் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 2000 மார்ச்சில். ஆக, என் கைக்குப் புதிதாக வந்த பொருளுக்கு அப்போதே வயது பத்து. பத்து வருடத்துக்கு முந்தைய மாடல் செல்போனைப் புதுசு என்று ஒரு கடைக்காரர் நீட்டினால் சண்டைக்குப் போவோம். இதை நான் திருச்சி வரை பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன்.

அப்போது கும்பகோணத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆறு கேபின். காலேஜ் பையன்கள் கையில் நெட் உள்ள போன் வர வர, என் நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்தன. இரண்டு கேபினைப் பிரித்துவிட்டு கேம் வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் என் மச்சான். மணிக்கு இருபது ரூபாய்.

திருச்சியில் நான் போன கடையில் கண்ணுக்கு நேரே இருந்தது அதற்கு அடுத்த தலைமுறைப் பெட்டியான பிஎஸ் 3. பெரிய எல்சிடி டிவியில் ஏதோ கார் ரேஸ் ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டில் தேங்கிய தண்ணீரில் விளக்கு வெளிச்சம் நெளிவது வரைக்கும் தெரிந்தது. "இதப் பாருங்க சார்" என்று விற்பனைப் பையன் ஐந்து நிமிடம் காட்டினான். விலை கேட்டேன். அப்புறம் கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கி, அடித் தட்டில் இருந்த சின்னக் கறுப்புப் பெட்டியின் விலையையும் கேட்டேன். ஆறாயிரம் சொச்சம். மேல் தட்டில் இருந்தது அதைப்போல் மூன்று மடங்கு. பையன் முகத்தில் ஏமாற்றமே இல்லை. "அதுவும் ஸ்டாக் இருக்கு சார், எத்தன வேணும்?" என்றான். அந்தக் கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. அடித் தட்டுப் பெட்டி விற்காமல் கிடந்த மிச்சம் இல்லை. மேல் தட்டு விலையைக் கேட்டுத் திரும்பப் போகிற ஆளுக்காகவே அங்கே வைத்திருந்தார்கள்.

அதற்கு மூன்று வருடம் முன்பு, 2007இல், பிஎஸ் 3 இந்தியாவுக்கு வந்தபோது விலை 39,990 ரூபாய். எத்தனை வீட்டில் வாங்கியிருப்பார்கள்? வாங்க முடியாத வீடுகளை எல்லாம் விட்டுவிட சோனிக்கு மனசு வரவில்லை.

இப்போது பெட்டிக்குள் என்ன என்று பார்ப்போம். முதலில் வந்த பிஎஸ் 2 ஒரு தடித்த ஆள். இரண்டு கிலோவுக்கு மேல் எடை. நான் வாங்கியது கடைசி வரிசை. ஒரு நோட்டுப் புத்தகம் அளவு, முக்கால் கிலோகூட இல்லை. அதற்கு முந்தைய ஒல்லி மாடல்களில் கரண்ட் அடாப்டர் வெளியே செங்கல் மாதிரி தொங்கும். இதில் அதையும் உள்ளேயே அடக்கிவிட்டார்கள். ஒயர் மட்டும் போதும். மேல் மூடியை பட்டனை அழுத்தித் திறந்து டிஸ்க்கை வைக்க வேண்டும். டிரே, மோட்டார் எதுவும் இல்லை, கெட்டுப்போக ஒரு சாமான் குறைவு.

இப்படி இளைத்ததில்தான் பழைய பெட்டியின் வியாபாரமே இருக்கிறது. ஆரம்பத்தில் எமோஷன் எஞ்சின் என்ற மூளை ஒரு சிப், படத்தை வரையும் கிராபிக்ஸ் சிந்தசைசர் இன்னொரு சிப். சில வருடங்களில் இரண்டையும் ஒரே சிப்பாகச் சுருக்கினார்கள். சிப் சிறுத்தால் ஒரே சிலிக்கான் தகட்டில் நிறைய சிப் வெட்டலாம். சூடு குறையும், அதனால் ஃபேன் சின்னதாகும், பெட்டி சின்னதாகும், கப்பலில் ஒரு பெட்டி இருந்த இடத்தில் இரண்டு மூன்று போகும். அமெரிக்காவில் 299 டாலருக்கு ஆரம்பித்த இயந்திரம் 2009இல் 99 டாலருக்கு வந்தது இப்படித்தான். வடிவமைக்கப் போட்ட பணம் எப்போதோ திரும்பி வந்துவிட்டது.

பிஎஸ் 3 கதை நேர் எதிர். அது வந்த 2006இல் ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் பெட்டியைப் பிரித்துப் போட்டுக் கணக்குப் பார்த்தது. 599 டாலருக்கு விற்ற மாடலைச் செய்ய 840 டாலர் ஆகிறது என்றது. அடக்க விலைக்குக் கீழே விற்றதால் நஷ்டம் என்று சோனியும் தன் ஆண்டுக் கணக்கில் சொன்னது. நம் ஊர்க் குடும்பக் கணக்குதான். அண்ணன் சம்பாத்தியத்தில் தம்பி படிக்கிறான். தம்பிக்கு வேலை கிடைக்கும்வரை அண்ணனை வேலையை விட்டு நிற்கச் சொல்ல எந்த வீட்டிலும் ஆள் கிடையாது.

இன்னொரு வேலையும் செய்தார்கள், அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆரம்ப காலத்து பிஎஸ் 3இல் பிஎஸ் 2 டிஸ்க்கும் ஓடும். செலவைக் குறைக்கிறோம் என்று பிற்பாடு வந்த மாடல்களில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய டிஸ்க் அடுக்கி வைத்திருப்பவர் என்ன செய்வார்? பழைய பெட்டியையே பார்த்துக்கொள்வார், கெட்டால் இன்னொன்று வாங்குவார்.

பழைய பெட்டியை இப்படி மலிவாக்கி விற்றுக்கொண்டே இருக்க எல்லாக் கம்பெனியாலும் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2001இல் இறக்கிய தன் முதல் கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸில் மூளை இன்டெல்லுடையது, படம் வரைகிற சிப் என்விடியாவுடையது, உள்ளே ஹார்ட் டிஸ்க் வேறு. சிப்பைச் சுருக்குவதும் விலையைக் குறைப்பதும் அடுத்தவர் கையில் இருந்தது. விலை பேசி என்விடியாவோடு மத்தியஸ்தம் வரை போனார்கள். 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்ததும் பழையதைச் சட்டென்று ஓரம் கட்டிவிட்டார்கள். பாடம் படித்து, 360இல் சிப் வடிவமைப்பின் உரிமையைத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டார்கள். அந்த 360, அடுத்த பெட்டியான எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்த பிறகும் 2016 வரை தயாரிப்பில் இருந்தது.

சரி, என் கடைக்கு வருகிறேன்.

முதல் நாளே ஒரு சங்கதி. பெட்டியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று தலை உள்ள ஒயர் இருந்தது. என்னிடம் இருந்தவை 14 இஞ்ச் டியூப் டிவிகள். பின்னால் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் மட்டும்தான் ஓட்டை. சிவப்பு தொங்கிக்கொண்டே இருந்தது, கடையை மூடும்வரை. அந்த டிவியில் பிஎஸ் 3ஐ மாட்டியிருந்தால் திருச்சியில் பார்த்த தண்ணீர் நெளிவு எதுவும் தெரிந்திருக்காது. அன்றைக்கு எங்கள் ஊரில் முக்கால்வாசி வீட்டில் டியூப் டிவிதான். அந்த வீடுகளுக்குத் தோதான பெட்டி பழையதுதான்.

பையன்கள் வந்தது இரண்டே கேமுக்கு. ஒன்று கிரிக்கெட் 07. இந்திய வீரர்களின் பெயருக்கு உரிமம் வாங்காததால் எழுத்தை மாற்றிப் போட்டிருப்பார்கள், ஆனால் நம் பையன்கள் முதல் பந்திலேயே யார் யார் என்று சொல்லிவிடுவார்கள். இன்னொன்று மல்யுத்தம். அசல் டிஸ்க்கில் ஹனுமான் பாய் வாரியர் வாங்கி வைத்தேன், 2009இல் ஹைதராபாத் கம்பெனி ஒன்று செய்தது. கபடியும் கிட்டிப்புள்ளும் பட்டமும் உள்ள தேசி அட்டாவும் வாங்கினேன். ஒன்பது வயது இயந்திரத்துக்கு இந்தியாவில் புதிதாக கேம் செய்ய வைத்திருக்கிறார்கள் என்றால், நம்மைப் போன்ற ஊர்களை எவ்வளவு நம்பினார்கள் என்று தெரிகிறது. கேம்கள் சுமார். அனுமாரை ஒருவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு பெட்டியில் ஒன்றுக்கு சிப் போட்டேன், ஐம்பது ரூபாய் திருட்டு டிஸ்க் ஓடுவதற்காக. அந்தக் காலத்து கேம் கடைக்காரர்கள் பாதிப் பேர் செய்ததுதான். விற்கிற ஒவ்வொரு டிஸ்க்கிலும் கம்பெனிக்கு ஒரு பங்கு போகும், பெட்டியில் விட்டதை அங்கே பிடிப்பார்கள். அந்தப் பங்கை நான் கொடுக்கவில்லை. பிஎஸ் 2 பெட்டியிலேயே அவர்களுக்கு லாபம் நின்றிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

2012 ஞாபகம் இருக்கும். சென்னைக்கு வெளியே இருந்த நமக்கு ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. என் கம்ப்யூட்டர்கள் எல்லாம் செத்துக் கிடக்க, இன்வெர்ட்டரில் இந்த இரண்டு பெட்டியும் ஓடின. ஒன்று இழுப்பது நாற்பது வாட்டுக்குள்தான். முதலில் வந்த பெரிய பிஎஸ் 3 கிட்டத்தட்ட இருநூறு வாட் சாப்பிடும். அந்த வருடம் கடை வாடகையைக் கட்டியது பழைய பெட்டிதான் என்று சொன்னால் மிகை இல்லை.

குறைகள் நிறைய. பெட்டியோடு மெமரி கார்டு தர மாட்டார்கள், தனியாக வாங்க வேண்டும். எட்டு எம்பி கார்டு. கடையில் எனக்குத் தந்தது டூப்ளிகேட் என்று நாலாவது மாதம் தெரிந்தது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் அரைப் பரீட்சை லீவு முழுக்க ஆடி அரையிறுதி வரை கொண்டுவந்த உலகக் கோப்பை மொத்தமாக அழிந்துபோனது. அவன் அழவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தான். அழுதிருந்தால்கூடத் தேவலை. அன்றைக்கு அவனிடம் காசு வாங்கவில்லை, அடுத்த இரண்டு நாளும் வாங்கவில்லை.

பக்கவாட்டுச் சல்லடை வழியாகத் தூசி உள்ளே போகும். பதினாலாவது மாதம் ஒரு பெட்டி டிஸ்க் படிக்க மறுத்தது. வாரண்டி முடிந்திருந்தது. தூக்கிக்கொண்டு போன சர்வீஸ் சென்டரில் லென்ஸ் மாற்றச் சொன்ன தொகை, புதுப் பெட்டி விலையில் பாதி. வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து, காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு லென்ஸை நானே துடைத்தேன். ஓடியது. இன்றைக்கும் ஓடுகிறது. கன்ட்ரோலரில் எல் ஒன் பட்டனுக்கு அடியில் உள்ள ரப்பர் மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை போகும்.

சோனி 2012 டிசம்பரில் ஜப்பானில் அனுப்புவதை நிறுத்தி, அடுத்த மாதம் உலகம் முழுக்கத் தயாரிப்பு முடிந்தது என்று அறிவித்தது. 15 கோடிக்கும் மேல் விற்றிருந்தது. நிறுத்திய பிறகும் 2013 செப்டம்பரில் ஃபிஃபா 14 என்ற கால்பந்து கேம் இதற்கு வந்தது. பிஎஸ் 4 வாசலில் நின்றுகொண்டிருந்த நேரம் அது. வீடு வீடாகப் பெட்டி இருக்கும்போது கேம் செய்பவருக்கு விட மனசு வருமா?

போன மாதம் அக்கா பையன் வந்து, "மாமா, பிஎஸ் 5 வாங்க காசு பத்தல. பிஎஸ் 4 வாங்கட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவனுக்கு ஆச்சரியம், பழைய பெட்டிக்கு இவ்வளவு வக்காலத்து வாங்குகிற மாமாவா இப்படிச் சொல்வது என்று. பிஎஸ் 4 டிஸ்க் எல்லாம் அநேகமாக பிஎஸ் 5இல் ஓடும், பழையதுக்கென்று தனியாக ஒரு உலகம் இப்போது இல்லை. 2022இலும் பிஎஸ் 4 செய்துகொண்டிருந்ததற்குப் பெரிய காரணம் சிப் தட்டுப்பாடு, பிஎஸ் 5 போதுமான அளவு கிடைக்கவில்லை. சிப்பைச் சுருக்கினால் காசு மிச்சம் என்ற பழைய கணக்கும் முன்போல் வேலை செய்யவில்லை. பிஎஸ் 5 இங்கே 49,990க்கு வந்தது, அடுத்த வருடக் கடைசியில் 54,990 ஆனது. வயது ஏற ஏற விலையும் ஏறுகிற கேம் பெட்டியை இப்போதுதான் பார்க்கிறேன்.

இன்னும் ஆறு மாதம் சேர்த்து பிஎஸ் 5ஆகவே வாங்கு என்று சொல்லி, அதுவரைக்கும் வைத்துக்கொள் என்று ஒரு பிஎஸ் 2ஐ எடுத்துக் கொடுத்தேன். அவன் வீட்டு டிவியில் மூன்று ஓட்டையும் இருந்தன. சிவப்பு ஒயரைக் கடைசியாகச் சொருகினான்.