வீடியோவை நீக்கித் தர்றோம்னு சொல்றவங்களை நம்பாதீங்க, எனக்கு 18,500 ரூபா போச்சு

கை இன்னும் நடுங்குது. பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

வேலூர், ஓட்டேரிப் பக்கம். வெளிநாட்டு லைவ் தளம் ஒண்ணுல பேர் மாத்தி, முகமூடி போட்டு அடல்ட் ஷோ பண்றவ நான். (திட்டணும்னா இன்னொரு நாள் திட்டுங்க.) இந்தியாவுல தெரியாத மாதிரி பிளாக் பண்ணித்தான் வச்சிருந்தேன். எவனோ விபிஎன்ல (வேற நாட்டுல இருக்கற மாதிரி காட்டிக்கிட்டு) வந்து ரெக்கார்டு பண்ணி டெலிகிராம்ல போட்டுட்டான். அதுக்குக் கீழ ஒருத்தன், "ஜன்னல்ல தெரியறது பாலமதி மலைதானே?"ன்னு கேட்டிருக்கான். முகத்தை மூடினேன், ஜன்னலை மூடல.

மூணு நாள் தூங்கல. தேடித் தேடி, வீடியோ நீக்கித் தர்ற ஏஜென்சி ஒண்ணைப் புடிச்சேன். போன் எடுத்தது ஒரு பொண்ணு. "அக்கா, முதல்ல தண்ணி குடிங்க, அப்புறம் பேசலாம்"னா. அதுலதான் விழுந்தேன். வீடியோவுல இருக்கறது நான்தான்னு காட்டணுமாம். ஆதார் ரெண்டு பக்கமும், முகமூடி இல்லாத செல்ஃபியும் கேட்டா. அனுப்பினேன். 18,500 ரூபாயையும் கூகுள் பேல அனுப்பினேன்.

அப்புறம் "டிக்கெட் போட்டாச்சு." "லீகல் டீம் பார்க்கறாங்க." "சனி ஞாயிறு லீவு மேடம்." அக்கா போய் மேடம் ஆயிட்டேன். பத்தாம் நாள் ஒரு ஆம்பளை பேசினான், இன்னும் 9,000 கட்டணுமாம். காசைத் திருப்பிக் குடுன்னேன். "போலீசுக்குப் போங்க மேடம், ஆபாச வீடியோ போட்டா வர்ற ஐடி சட்டம் 67ஏ முதல்ல உங்க மேலதான் பாயும், அஞ்சு வருஷம்"னு சிரிக்கறான். நாம வெளிய சொல்ல மாட்டோம்னு தெரிஞ்சுதான் இந்தத் தொழிலே பண்றானுங்க. வீடியோ அங்கயேதான் கீது. இப்ப என் ஆதாரும் அவன் கையில. 18,500!

என்ன செய்யணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியல. நீக்கறதுக்குன்னு எவனுக்கும் காசு குடுக்காதீங்க. அந்தரங்கப் படத்துல இருக்கறவங்களே புகார் குடுத்தா தளம் எடுக்கணும்னு 2021 ஐடி விதியிலயே இருக்கு. அந்தரங்கப் படம் பரவாம தடுக்கற ஸ்டாப்என்சிஐஐ தளம் இலவசம், படம் நம்ம போனை விட்டுப் போகாது, அந்தப் படத்தோட கைரேகை மாதிரி ஒரு குறியீடு (ஹேஷ்) மட்டும்தான் போகும். ஆனா அதுல சேர்ந்த தளங்கள்லதான் வேலை செய்யும். ஆதார் பயோமெட்ரிக்கை லாக் பண்ணுங்க. காசு போன உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிங்க. நான் பதினோராம் நாள்தான் அடிச்சேன். "ஏம்மா இவ்ளோ லேட்டு?"ன்னாங்க.

அந்தப் பொண்ணு நம்பர் ஸ்விட்ச் ஆஃப். அவங்க விளம்பரம் மட்டும் இன்னிக்குக் காலையிலகூட என் போன்ல வந்துச்சு.