ரொபார்ட்ஸ் நூலகம்: மேல்மாடி அடுக்குகளுக்காகவே ஐந்து நட்சத்திரம்

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ரொபார்ட்ஸ் நூலகம் வெளியிலிருந்து பார்த்தால் கொங்கிரீட் கோட்டைதான். 14 மாடி, முக்கோண வடிவம். உள்ளே வரத் தயங்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: லிப்டில் ஏறி நேரே 9ஆம் மாடிக்குப் போங்கள். அங்கிருந்து 13 வரை புத்தக அடுக்குகள். மாணவர் அட்டை இருந்தால் போதும். தேடிப்போன நூலுக்குப் பக்கத்தில் நின்ற நூல்தான் என் ஆய்வுக்குப் பல தடவை கைகொடுத்தது. கணினிப் பட்டியலில் அது கண்ணில் பட்டிருக்காது.

இந்த உரிமை சும்மா கிடைக்கவில்லை. ஆய்வாளர்களை மனதில் வைத்துத் திட்டமிட்ட கட்டடம் இது. இளங்கலை மாணவர்களை அடுக்குகளுக்குள் விடுவதாகவே இல்லை. 1972இல் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்து போராடிய பிறகுதான் நிலைமை மாறியது. நூலகம் திறந்தது 1973இல். அந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

2022இல் மேற்குப் பக்கம் திறந்த ஐந்து மாடிக் கண்ணாடிக் கட்டடம் சுமார் 1,200 இருக்கைகளைச் சேர்த்தது. வெளிச்சமும் கூட்டாளிகளும் வேண்டுமென்றால் அங்கே இருங்கள். அமைதிக்கு அடுக்குகளின் ஓரத் தனிமேசைகள்தான். பரீட்சைக் காலத்தில் காலையிலேயே போய்விடுங்கள்.